அனுப்பி வைக்கிற ஆபீஸில் என்னாச்சம்மா

அவளைப் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி வக்கீல் ஆபீஸ்களில் அவள் பெயர் என்னாச்சம்மாதான். போனை எடுத்தது யார், எந்த ஆபீஸ் என்றெல்லாம் அவள் விசாரிப்பதில்லை. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டால் போதும், "என்னாச்சு? நாங்க அனுப்பின ஆளு என்னாச்சு?" என்று ஆரம்பித்துவிடுவாள். எடுத்தவர்கள் போனைப் பொத்திக்கொண்டு, "என்னாச்சம்மா லைன்ல இருக்காங்க, யார் பேசறீங்க?" என்று கேட்பார்கள். யாரும் பேச மாட்டார்கள். எல்லாரும் அந்த நிமிஷம்தான் கோர்ட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். வக்கீல்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீடு, நிலம் பார்ப்பார். ஒருவர் புருஷன் பெண்டாட்டி சண்டை பார்ப்பார். ஒருவர் வேலை செய்யும் இடத்தில் கை கால் போனவர்களைப் பார்ப்பார். தனக்கு ஆகாத வழக்கோடு ஒரு ஆள் வாசலில் வந்து நின்றால், 'எனக்குத் தெரியாது, போய் வா' என்று வாய் திறந்து சொல்வது அவர்கள் பரம்பரையிலேயே கிடையாது. "உங்களுக்குன்னே ஒருத்தர் இருக்காரு, நம்ம நண்பர்தான், கடிதம் தரேன்" என்று தோளில் கை போட்டு அனுப்பி வைப்பார்கள். அந்த நண்பர் நாளைக்கு ஒரு ஆளை இங்கே அனுப்புவார். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கிண்ணம் காலியாகத் திரும்பி வராது இல்லையா, அந்த மாதிரி. கிண்ணத்துக்குள்ளே இருப்பது ஒரு மனுஷன் என்பதுதான் சின்ன வித்தியாசம்.

அப்படி அனுப்பிய கிண்ணமெல்லாம் எங்கே இருக்கிறது, யார் வீட்டு அடுப்பங்கரையில் கவிழ்ந்து கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அவள் வேலை.

முதலில் அவள் அந்த ஆபீஸில் வாசல் மேஜைக்குத்தான் வந்தாள். பெரிய வக்கீல் ஒருவர், அவருக்குக் கீழே சின்ன வக்கீல்கள். பெரிய வக்கீலை எல்லாரும் பெரியவர் என்பார்கள். வயசால் அல்ல, நாற்காலியால். வீட்டு வழக்கில் கெட்டிக்காரர், பொய் சொல்லக் கூடாது. ஒரு சுவர் யாருடையது என்று கேட்டால் அதன் பாட்டன் காலத்துச் செங்கல் வரைக்கும் சொல்வார். ஒருமுறை ஏதோ மாநாடு என்று ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனார். போனவர் வெறும் கையோடு வந்திருக்கலாம். அங்கே வந்த எல்லா வக்கீல்களையும் போலக் கம்ப்யூட்டரில் போடும் புது ஏற்பாடு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். நாம் அனுப்பும் ஆள் ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு கட்டம். அனுப்பினால் மஞ்சள். அங்கே போய்ச் சேர்ந்தால் நீலம். அவர்கள் ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லிவிட்டால் பச்சை. பதிலே இல்லாவிட்டால் சிவப்பு.

"ஏம்மா, உனக்குக் குரல் நல்லா இருக்கு. இதை நீ பாத்துக்க" என்று அவள் தலையில் கட்டினார்.

வாரம் பிறந்தால் பெரியவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்ப்பார். பச்சை நிறைய இருந்தால் முகத்தில் ஒரு குளிர்ச்சி வரும். "தோட்டம் மாதிரி இருக்கு இல்ல?" என்பார். எங்காவது ஒரு சிவப்பு தெரிந்தால் போதும், வெற்றிலை எச்சில் பட்டதுபோல மூக்கைச் சுளிப்பார். "இது என்ன இது? போன் பண்ணு, போன் பண்ணு."

அவளும் பண்ணுவாள். வக்கீல் ஆபீஸ் பதில்களை அவள் போல அறிந்தவர் கிடையாது. "போயிட்டிருக்கு" என்றால் எங்கும் போகவில்லை. "பாத்துட்டிருக்கோம்" என்றால் எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். "கவனத்துல இருக்கு" என்றால் காகிதம் மேஜை மேல் இருக்கிறது, அதன் மேல் சாப்பாட்டு டப்பா இருக்கிறது. "அவரு உள்ள பேசிட்டிருக்காரு" என்றால் போனை எடுத்தவரே அவர்தான்.

வீட்டில் அவள் புருஷன் பூட்டுக்காரர். தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி போடுவார், திறக்காத பூட்டைத் திறப்பார். கல்யாணமான புதிதிலிருந்து இன்று வரை அவருக்கு இந்த வேலை பிடிபடவில்லை. பிடிபடாததை விட்டுத்தொலைக்கிற குணமும் இல்லை.

"நீ சொல்றதைப் பாத்தா, வழக்கை நீங்க நடத்தல."

"இல்லைங்க. அனுப்பிட்டோம்."

"அனுப்பினவங்க நடத்தறாங்களா?"

"அதைத்தாங்க நான் கேட்டுட்டிருக்கேன்."

"என்கிட்ட ஒருத்தன் வீட்டுக்குள்ள போக முடியாம நிக்கறான்னு வை. பூட்டைத் திறக்காம, அடுத்த தெருக் கடைக்குப் போன்னு சொல்லிட்டு, அப்பறம் வாரா வாரம் போன் பண்ணி, 'தம்பி, உள்ள போயிட்டியா?'ன்னு கேட்டா அவன் என்னை என்ன பண்ணுவான்?"

"அடிப்பான்."

"உனக்குச் சம்பளம் தராங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டில் கையைக் கழுவுவார். அவளுக்குக் கோபம் வரும். ஆனால் மறுபேச்சு வராது. வராததுதான் கோபமே.

இப்படி இருக்கும்போதுதான் இஸ்திரி அக்கா அந்த ஆபீஸ் படியேறி வந்தாள்.

சலவைக் கடையில் ஆவி இஸ்திரி மெஷினில் நிற்கிறவள். ஹோட்டல் படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரித் துணி எல்லாம் அவள் கையால்தான் மடிப்புக் கலையாமல் போகும். ஒருநாள் மெஷினின் மேல் பலகை பிடிமானம் விட்டு வலது கை மேல் இறங்கிவிட்டது. தோல் வெந்து, விரல்கள் ஒன்றோடு ஒன்று இழுத்துக்கொண்டு, இப்போது அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. கடைக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அதோடு தன் கடமை முடிந்தது, மீதி அவளுடைய கவனக்குறைவு என்றார். அதனால் வழக்கு. வழக்கில் ஒரு கெடு உண்டு: காயம் பட்ட நாளிலிருந்து இன்ன காலத்துக்குள் கோர்ட்டில் மனுப் போட்டுவிட வேண்டும். அந்த நாள் தாண்டிவிட்டால், கையைத் தூக்கிக் காட்டினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பெரியவர் அவள் கையைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார். உண்மையாகத்தான் கொட்டினார், அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. "இதுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்கும்மா" என்று கண்ணாடிக் கதவு ஆபீஸுக்குக் கடிதம் கொடுத்தார். என்னாச்சம்மா கடிதத்தை உறையில் போட்டு, அக்காவோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தாள். வழக்கமாக அவள் அப்படி நடப்பதில்லை. அன்றைக்கு அக்கா பையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் மூடுவதைப் பார்த்ததும் நடந்துவிட்டாள்.

"அங்கயும் இப்படித்தான் உக்கார வச்சு அனுப்பிடுவாங்களா தங்கச்சி?"

"சேச்சே. அவங்க இந்த வழக்கு மட்டும்தான் பாப்பாங்க. நீங்க கவலையே படாதீங்க அக்கா. கோர்ட்டுல உங்க மனு போட்டாச்சுன்னு உங்க காதால கேக்கற வரைக்கும் நான் விடமாட்டேன். அது என் பொறுப்பு."

"கெடு இருக்குல்ல?"

"கெடுவுக்கு ரொம்ப முன்னாடியே முடிச்சிடுவாங்க."

வாக்குக் கொடுத்துவிட்டாள். அவள் கொடுக்கிற வாக்கு வக்கீல் வாக்கு அல்ல.

மறுநாளே போன் செய்தாள். அவளுக்கே ஆச்சரியமாக, கண்ணாடிக் கதவு ஆபீஸில் ஒரு இனிமையான குரல், "ஆமாம்மா, வந்தாங்க, ஏத்துக்கிட்டோம்" என்றது. கட்டம் பச்சையானது. பெரியவர் தோட்டத்தில் ஒரு செடி கூடிற்று. பச்சையான கட்டத்தை யாரும் திரும்பக் கேட்பதில்லை, அதுதான் அந்த ஏற்பாட்டின் அழகு. நல்ல பிள்ளையை யார் கவனிப்பார்கள்? சிவப்பாக அழுகிற பிள்ளைகளைச் சமாதானம் செய்வதிலேயே அவள் நாள் போய்விடும். இஸ்திரி அக்காவை அவள் மறக்கவில்லை. நன்றாக இருக்கிறாள் என்று நம்பினாள். மறந்திருந்தால்கூட என்றாவது ஒருநாள் திடுக்கென்று நினைவு வந்திருக்கும். நம்பியதால் அதுவும் வரவில்லை.

காலம் ஓடிற்று. ஒரு வியாழக்கிழமை காலையில் பெரியவர் கையில் ஒரு கடிதத்தோடு அவள் மேஜைக்குக் கிட்டத்தட்ட ஆடிக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, யார் கடிதம் தெரியுமா? ஏழாம் மாடி ஆபீஸ்! நம்மளை இதுவரைக்கும் திரும்பிக்கூடப் பாக்காதவங்க. நமக்கு முதல் தடவையா ஒரு ஆளை அனுப்பியிருக்காங்க. 'வீடு நிலத்தில் தங்களுக்குள்ள ஈடு இணையற்ற திறமையை அறிந்து' அப்படின்னு எழுதியிருக்காங்க, பாரு, படி. வந்தவங்க வெளிய உக்காந்திருக்காங்க. நல்ல நாற்காலி குடு. டீ குடு. புதுக் கட்டம் ஒண்ணு போடு."

அவள் டீயை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நல்ல நாற்காலியில் இஸ்திரி அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா! நீங்க எங்க இங்க?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன் தங்கச்சி. சுவத்துல அந்தக் கடிகாரத்தைப் பாத்ததும், இது நம்ம முதல்ல வந்த இடமாச்சேன்னு தோணுச்சு. அப்பறம் எல்லா ஆபீஸ்லயும் கடிகாரம் இருக்கும்தானேன்னு இருந்துட்டேன்."

"கண்ணாடிக் கதவு ஆபீஸ்ல ஏத்துக்கிட்டாங்களே?"

"ஏத்துக்கிட்டாங்க. ரொம்ப மரியாதை. அப்பறம்தான் எங்க சலவைக் கடைக்காரரே அவங்க ஆளுன்னு தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் ஒருத்தரே பேச முடியாதாம். அதனால மீன் தொட்டி வச்சிருக்காங்களே, அந்த ஆபீஸுக்கு அனுப்பினாங்க."

"அவங்க?"

"அவங்களும் ஏத்துக்கிட்டாங்க. ஒரு அம்மா இதைப் பாப்பாங்கன்னு சொன்னாங்க. அந்த அம்மாவுக்குப் பிரசவ லீவு. குழந்தை பொறக்கட்டும்னு காத்திருந்தேன். பொறந்துச்சு, ஆம்பளப் புள்ள. பொறந்ததும் அந்த அம்மா வேலையை விட்டுட்டாங்க. அதனால ஏழாம் மாடிக்கு அனுப்பினாங்க. அங்க ஒருத்தரு ரொம்ப அறிவாளி. மெஷின் கடைக்காரரோடது, ஆனா ஆவி வர்ற குழாய் கட்டடத்துக்காரரோடது, அதனால இது கட்டட வழக்குன்னு கண்டுபிடிச்சிட்டாரு. கட்டடம்னா ஊர்லயே ஒருத்தர்தான்னு சொல்லி..."

"எங்ககிட்ட அனுப்பிட்டாங்க."

"நல்ல டீ" என்றாள் இஸ்திரி அக்கா, ஒரு வாய் குடித்துவிட்டு. "போன தடவை டீ குடுக்கல."

என்னாச்சம்மா தட்டைக் கீழே வைத்தாள். "அக்கா, கெடு?"

"நாளைக்குச் சாயங்காலத்தோட சரி. எல்லாருகிட்டயும் சொன்னேன் தங்கச்சி. எல்லாரும் குறிச்சுக்கிட்டாங்க."

நாலு ஆபீஸ். நாலிலும் ஏற்றுக்கொண்டாயிற்று. நாலு பேர் திரையிலும் அவள் பச்சையாக ஜொலித்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் மட்டும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிப் பெரிய மனுஷர்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, கிளம்பிய வாசலுக்கே மாப்பிள்ளை மரியாதையோடு திரும்பி வந்திருக்கிறாள்.

என்னாச்சம்மா பெரியவர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்தில் முதலில் வந்தது வருத்தம்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது எதற்கு என்றுதான் சொல்வதற்கில்லை.

"அப்ப இது ஏழாம் மாடி ஆளு இல்லையா?"

"நம்ம ஆளு சார். நாம அனுப்பினவங்க."

"நாம கண்ணாடிக் கதவுக்கு அனுப்பினோம்னா அவங்க ஆளு. அவங்க மீன் தொட்டிக்கு அனுப்பினா..."

"சார், நாளைக்குக் கெடு. நீங்களே ஒரு மனுப் போட்டுடுங்க. அப்பறம் யாரு ஆளுன்னு நிதானமா பேசிக்கலாம்."

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஏம்மா, நீ இத்தனை வருஷமா இங்க இருக்க. அனுப்பின ஆளை நாமளே எடுத்துக்கிட்டா அவங்க என்ன நினைப்பாங்க? நாளைக்கு ஒருத்தனையாவது நமக்கு அனுப்புவாங்களா? முறைன்னு ஒண்ணு இருக்கு. மத்த மூணு பேரும் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்ல'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா, நான் இந்த நிமிஷமே பேனாவை எடுக்கறேன்."

நியாயமான பேச்சு. முறையான பேச்சு. வீடு தீப்பற்றி எரியும்போது பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் பத்திரம் எழுதி வாங்கச் சொல்கிற மாதிரி.

அவள் மூன்று ஆபீஸுக்கும் போன் செய்தாள். கண்ணாடிக் கதவு, "எழுதித் தர்றதுல ஒண்ணுமில்ல, ஆனா நாங்க எதிர்க்கட்சி வக்கீல், எழுதித் தர முடியாது" என்றது. மீன் தொட்டி, "எங்க கணக்குல முடிஞ்சுபோச்சே" என்று சந்தோஷப்பட்டது. ஏழாம் மாடியில், "ஈடு இணையற்ற திறமைன்னு எழுதிட்டோமே, இன்னும் என்ன எழுதணும்?" என்று கோபித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனவள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பூட்டுக்காரர் பார்த்தார். கிண்டல் பண்ண வாயெடுத்தவர், முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"என்ன, யாரு?"

சொன்னாள். வாக்குக் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

"ஊர்ல வேற வக்கீலே இல்லையா?"

"இருக்காங்க. யாருகிட்டப் போனாலும், யாரு அனுப்பினதுன்னுதாங்க கேப்பாங்க. சொன்னா, அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னு போனை எடுப்பாங்க. எல்லாரும் எல்லாருக்கும் நண்பருங்க."

"யாருக்கும் நண்பன் இல்லாத வக்கீல் ஒருத்தன்கூட இல்லையா?"

அவர் சும்மாதான் கேட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தட்டைப் பக்கத்தில் இழுத்து, வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

கோர்ட்டுக் கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே முக்கோணமாக ஒரு அறை உண்டு. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். பாதி அறையை ஜெராக்ஸ் மெஷின் பிடித்துக்கொண்டிருக்கும், மீதிப் பாதியில் ஒரு வக்கீல் உட்கார்ந்திருப்பார், அல்லது தூங்குவார். கோட்டில் ஒரு பட்டன் இல்லை. எந்த வருஷமோ எந்தப் பெரிய வக்கீலிடமோ எதையோ பட்டென்று சொல்லிவிட்டாராம், அதிலிருந்து அவருக்கு யாரும் ஒரு ஆளை அனுப்புவதில்லை, அவர் அனுப்பினாலும் எடுத்துக்கொள்வதில்லை. பிறந்த தேதியைத் திருத்தவும் பெயரை மாற்றவும் வருகிறவர்களுக்கு உறுதிமொழி எழுதிக் கொடுத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். என்னாச்சம்மாவின் திரையில் ஊரிலுள்ள அத்தனை வக்கீலும் உண்டு. இவர் கிடையாது. கெட்டிக்காரர் என்று எவரும் சொன்னதில்லை. அவரே சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸுக்கு லீவு சொல்லாமல், அக்காவை அழைத்துக்கொண்டு அங்கே போய் நின்றாள். படிக்கட்டு வக்கீல் தூக்கத்திலிருந்து எழுந்து, தலையை இடித்துக்கொண்டு, விஷயத்தைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறிற்று.

"இன்னிக்கா கெடு? அம்மா, இது பெரிய ஆபீஸ் செய்யற வேலை. நான் கைக்காயம் வழக்குப் போட்டே எவ்வளவோ காலமாச்சு. ஒண்ணு பண்றேன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட அனுப்பி வைக்கறேன்."

என்னாச்சம்மா இடத்தை விட்டு நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இஸ்திரி அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "எந்தப் பஸ்ஸு?" என்றாள்.

படிக்கட்டு வக்கீல் போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு நம்பர். இவர் தன் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டது. மூன்றாவதற்கு, அந்த நம்பரே இப்போது ஒரு பல் டாக்டருடையதாம். ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வேறு யார் நினைவும் வரவில்லை.

"யாரும் இல்லையா சார்?" என்று கேட்டாள் என்னாச்சம்மா. அவள் குரலில் எவ்வளவு அனுதாபம் இருந்தது என்கிறீர்கள்!

"இல்லம்மா" என்று பெருமூச்சு விட்டார். "சரி, வேற வழியில்ல. உக்காருங்க."

அனுப்ப ஆள் இல்லாத ஒரே காரணத்தால் ஒரு வக்கீல் வழக்கு நடத்த உட்கார்ந்ததை அந்தக் கட்டடம் அன்றைக்குத்தான் பார்த்திருக்கும்.

எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். மெஷினின் பெயரைத் தப்பாக எழுதி அக்கா திருத்தினாள். கடைக்காரர் பெயரை அக்கா கோபத்தில் வேறு மாதிரி சொல்லி, அதை வக்கீல் அப்படியே எழுதி, என்னாச்சம்மா பார்த்து அடிக்கச் சொன்னாள். நடுவில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். சாப்பாட்டு வேளை தாண்டி, மனு என்று ஒன்று தயாராகி, மூவரும் மனு வாங்கும் ஜன்னலுக்கு ஓடினார்கள். உள்ளே இருந்த எழுத்தர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"கையெழுத்து சரியா வரல."

"என்ன சார்?"

"அடையாள அட்டையில ஒரு கையெழுத்து இருக்கு. மனுவுல இருக்கறது கோழி கிளறின மாதிரி இருக்கு. ரெண்டும் ஒரே ஆளா? போய்ச் சரியா போட்டுட்டுத் திங்கக்கிழமை வாங்க."

படிக்கட்டு வக்கீல், "அது வந்து சார், விதிகளின்படி..." என்று இழுத்தார். என்ன விதி என்று அவருக்கும் தெரியவில்லை.  போனில் யாரையும் விடாமல் துளைக்கிற என்னாச்சம்மாவின் வாய் அன்றைக்கு வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை என்ற ஒரு சொல் காதில் இரைந்துகொண்டே இருந்தது.

இஸ்திரி அக்காதான் முன்னால் வந்தாள். ஜன்னல் கம்பிக்குள்ளே வலது கையை அப்படியே நீட்டினாள். எழுத்தரின் டீ டம்ளருக்குப் பக்கத்தில், வெந்து சுருண்ட அந்தக் கை போய் நின்றது.

"சார், அட்டையில இருக்கறது இந்தக் கை போட்ட கையெழுத்து. இந்தக் கை இப்ப கையெழுத்துப் போடறதா இருந்தா, நான் இங்க ஏன் வரப்போறேன்?"

எழுத்தர் கையைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் டீயைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் யாரோ மேலதிகாரியிடம் பேசினார். வரும்போது மை டப்பாவோடு வந்தார்.

"இடது கட்டைவிரலை வைங்க. வக்கீல் சார், நீங்க பக்கத்துல சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. உங்க கையாவது அட்டையில இருக்கற மாதிரி போடுமா?"

"போடும் சார், போடும்."

முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என்னாச்சம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "போட்டாச்சு அக்கா" என்றாள். "காதால கேட்டுக்கங்க. போட்டாச்சு."

"கேட்டேன், கேட்டேன். நீ முதல்ல தண்ணியைக் குடி" என்றாள் இஸ்திரி அக்கா.

திங்கட்கிழமை பெரியவர் அவளை அறைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசினார். லீவு சொல்லாமல் போனது ஒரு குற்றம். முறை தெரியாமல், போயும் போயும் அந்தப் படிக்கட்டிடம் போனது அதைவிடப் பெரிய குற்றம். நாலு பேர் என்ன சொல்வார்கள்? பேசிக்கொண்டிருக்கும்போதே நாலு பேரில் ஒருவர் போன் செய்தார். ஏழாம் மாடி. நாங்கள் தங்களிடம் அனுப்பிய ஆளுக்குக் கெடுவுக்குள் மனுப் போட்டுவிட்டீர்களாமே, மிக்க நன்றி, தங்கள் வேகத்தை எங்கள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னோம். பெரியவர் போனை வைத்தார். தொண்டையைச் செருமினார். அடுத்து மீன் தொட்டி அழைத்தது, நாங்கள் ஏழாம் மாடிக்கு அனுப்பியது வீண் போகவில்லை என்று. கண்ணாடிக் கதவு மட்டும் பேசவில்லை. அவர்கள் எதிர்க்கட்சி, பேசினால் முறையாகாது.

"சரி சரி" என்றார் பெரியவர். "இனிமே என்கிட்டச் சொல்லிட்டுச் செய்."

"சொன்னேனே சார்."

"இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்."

அவள் தன் மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டாள்: பச்சையானவர்களையும் கூப்பிட்டாள். அந்த ஆபீஸ்களை அல்ல, அனுப்பப்பட்ட ஆட்களையே. "கோர்ட்டுல போட்டாச்சா? நீங்க பாத்தீங்களா? முத்திரை விழுந்துச்சா?" பெரியவர் தோட்டம் ஒரே மாதத்தில் பாதி காய்ந்துபோயிற்று. அவர் வருத்தப்பட்டார். அவள் படவில்லை.

வழக்கு முதல் தடவை கூப்பிடப்படும் நாளில் அவள் லீவு சொல்லிவிட்டே போனாள். கோர்ட்டு பெஞ்சில் இஸ்திரி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சலவைக் கடைக்காரர் பக்கத்தில் கண்ணாடிக் கதவிலிருந்து ஒரு மிடுக்கான வக்கீல், பட்டன் எல்லாம் இருந்தது. இந்தப் பக்கம் படிக்கட்டு வக்கீல், வழக்கு எண்ணைக் கூப்பிடும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

எண் கூப்பிட்டார்கள். மிடுக்கான வக்கீல்தான் முதலில் எழுந்தார். சரளமாகப் பேசினார். ஆவிக் குழாய் கட்டடத்தைச் சேர்ந்தது, ஆகையால் இந்த வழக்கு இந்தக் கோர்ட்டுக்கு உரியதல்ல, இதை விசாரிக்க இதைவிடத் தகுந்த கோர்ட்டு ஒன்று இருக்கிறது, வழக்கை அங்கே அனுப்பி வைப்பதே முறை என்றார்.

அவர் முடிப்பதற்குள் இஸ்திரி அக்கா எழுந்து நின்றுவிட்டாள். பையைத் தோளில் மாட்டினாள். பழக்கம்தான், வேறென்ன? என்னாச்சம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

படிக்கட்டு வக்கீல் எழுந்தார். "கை வெந்தது மெஷின்ல, ஐயா. மெஷின் கடைக்காரரோடது" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் தயாராக இல்லை.

நீதிபதி மனுவைப் புரட்டினார். மிடுக்கான வக்கீலைப் பார்த்தார், படிக்கட்டு வக்கீலைப் பார்த்தார், பையோடு பாதி எழுந்து பாதி உட்கார்ந்திருந்த இஸ்திரி அக்காவைப் பார்த்தார்.

"எங்கயும் அனுப்ப வேண்டாம். இங்கயே நடக்கும்."

"என்ன சொன்னாரு தங்கச்சி?" என்று கிசுகிசுத்தாள் அக்கா.

"இங்கயேதானாம்."

 இஸ்திரி அக்கா தோளிலிருந்து பையைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி, நன்றாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.